2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ஜாம்பி வந்தால் நம் அடுக்குமாடி என்ன செய்யும்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக் குடியிருப்பின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் மோர்ப் பந்தல் போட்டோம். எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங்கும் தீபாவளி விருந்தும் நன்றாக நடந்தன. மலாய், சீன அண்டை வீட்டாரும் விருந்துக்கு வந்தார்கள். கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இளைஞர் பிரிவு கொண்டுவந்த ஜாம்பித் திட்டம்தான். மீதி அறிக்கை அதைப் பற்றியது.

மே மாதச் செயலவைக் கூட்டத்துக்கு இளைஞர் பிரிவினர் ஒரு கேள்வியோடு வந்தார்கள். சினிமாவில் வருவதுபோல், கடித்தவரையும் தம்மைப்போல் ஆக்கிவிடும் நடைபிணங்களான ஜாம்பிகள் பினாங்குக்குள் புகுந்துவிட்டால் நம் கட்டடத்தில் இருப்பவர்கள் எப்படிப் பிழைப்பது? இதற்கெல்லாம் சங்கத்தில் நேரமா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் பதிலோடுதான் வந்திருந்தார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2011 மே மாதம் இதையே தலைப்பாக வைத்துப் பொதுமக்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படிக்க வந்த கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கமே முடங்கியது. புயலுக்கும் பூகம்பத்துக்கும் எடுத்து வைக்க வேண்டிய அதே தண்ணீர், உணவு, மருந்து, டார்ச், அடையாளப் பத்திரங்கள்தான் அந்தப் பட்டியலிலும் இருந்தன. ஜாம்பி என்றதும் மக்கள் காது கொடுத்தார்கள். நம்மிடமும் அதுதான் நடந்தது. பேரிடர் விளக்கக் கூட்டம் என்று ஒட்டினால் நாலைந்து பேர்தான் வருவார்கள். இதற்குக் கீழ்த்தளக் கூடம் நிறைந்தது.

ஓடுவதா, இருப்பதா என்பதுதான் முதல் விவாதம். கூலிமில் தம்பி வீடு இருக்கிறது, அங்கே போய்விடுவோம் என்றார் ஒருவர். ஆனால் பினாங்குத் தீவிலிருந்து கூலிம் இருக்கும் பெருநிலத்துக்குச் செல்ல 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும், 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலமும், அப்புறம் ஃபெர்ரியும்தான். பெருநாள் விடுமுறையில் பாலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். தீவே ஒரே இரவில் கிளம்பினால் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் வீட்டுக்குள் இருந்துதான் சமாளித்தோம். ஆக, இருப்பது என்று முடிவானது. பாராங் கத்தி வாங்கி வைக்கலாம் என்ற யோசனையைச் செயலவை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பயந்துபோன கூட்டத்தில் ஆயுதம் இருந்தால் முதலில் வெட்டுப்படுவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இருப்பது என்று முடிவெடுத்த பிறகு தண்ணீர்ப் பேச்சு வந்தது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் தண்ணீர் நின்றதை யாரும் மறக்கவில்லை. அது முன்கூட்டியே அறிவித்த தடை. வாளிகளை நிரப்பி வைக்க நேரம் கிடைத்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்தால்? நம் கட்டடத்தில் கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் இறைத்துத்தான் மொட்டைமாடித் தொட்டி நிரம்புகிறது. மின்சாரம் போனால் மேல்தொட்டியில் இருப்பது தீரும்வரைதான் குழாயில் தண்ணீர். கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருந்தும் மேலே வராது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் வேண்டும். அதை ஒவ்வொரு வீடும் மூடிய கலன்களில் வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். கீழ்த்தொட்டி அறையின் மாற்றுச் சாவி இப்போது சங்கத்திடம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அதனால் இருக்கும் கேஸ் தோங் (சிலிண்டர்) தீரும்முன் இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

அடுத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல். இந்த ஆண்டு நாம் செய்ததில் மிக முக்கியமான வேலை இதுதான் என்பது என் எண்ணம். இடைநிலைப்பள்ளிப் படிவம் 4 மாணவர்களும் முன்னாள் தாதியான நம் உறுப்பினர் அக்காவும் மாடி மாடியாகக் கதவைத் தட்டினார்கள். லிஃப்ட் நின்றால் இறங்க முடியாத பாட்டிகள், இன்சுலின் போடுபவர்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகத் தெரியவந்தது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகும் ஐயா ஒருவர் மேல் மாடியில் இருக்கிறார். ஒரு முறை செய்ய நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படும் சிகிச்சை அது. சாலையோ தண்ணீரோ மின்சாரமோ, எது நின்றாலும் முதலில் உயிருக்கு ஆபத்து அவருக்குத்தான். இத்தனை ஆண்டு ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் அவர் எங்கே போய்வருகிறார் என்று பக்கத்து வீடுகளுக்குத் தெரியாது. இப்போது அவரை அழைத்துப் போக இரண்டு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் தலைவரிடமும் தாதி அக்காவிடமும் மட்டும் இருக்கும். சம்மதித்தவர்கள் பெயர் மட்டுமே அதில் உண்டு.

கடிபட்டவரை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டபோது தாதி அக்கா ரேபிஸைப் பற்றிச் சொன்னார். கடியால் பரவி மூளையைத் தாக்கும் நோய்தான் அதுவும். 2015-இல் பினாங்கிலேயே நாய்களிடம் வந்தது. கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசி காப்பாற்றும். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. 1998-இல் ஈப்போ பக்கம் தொடங்கிய நிப்பா வைரஸ் நோயைப் பற்றியும் பேசினார். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டார்கள். நோயோ பன்றிகளிடமிருந்து பரவிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிய நோயின் தொடக்கத்தில் நிபுணர்களே தடுமாறுவார்கள் என்பதால், வாட்சாப்பில் வருவதையெல்லாம் கட்டடக் குழுவில் போடுவதில்லை என்று தீர்மானித்தோம். பேட்டரி வானொலியில் மின்னல் எஃப்எம் செய்தியைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு இரண்டு பேருக்கு.

ஒத்திகை ஆகஸ்டில் நடந்தது. லிஃப்டைப் பயன்படுத்தாமல் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டில் இறக்கிப் பார்த்தோம். நான்கு பேர் தூக்க வேண்டும். பாதி வழியில் ஆள் மாற்ற வேண்டும். திருப்பங்களில் செருப்பு அலமாரி, பழைய மெத்தை, சைக்கிள். நாற்காலி திரும்பவே இடமில்லை. பல மாடிகளில் அகற்றிவிட்டார்கள், நன்றி. சில மாடிகளில் இன்னும் இருக்கின்றன, வருத்தத்தோடு சொல்கிறேன். 2017 நவம்பர் 4 இரவுப் புயலையும் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. அந்தப் படிக்கட்டு ஜாம்பிக்காக மட்டும் தேவைப்படப் போவதில்லை.

பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். தூக்கி இறக்கும் சக்கர நாற்காலி ஒன்று வாங்க நிதி ஒதுக்க வேண்டும். படிக்கட்டில் பொருள் வைப்பதற்குத் தடை விதிக்கும் தீர்மானம் இன்றே நிறைவேற வேண்டும். பட்டியலில் பெயர் கொடுக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலருகே தாதி அக்காவைப் பாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்