மாவடு ஜாடியும் உன் ரியோ இலையும்

அன்புள்ள மீனாவுக்கு,

நேற்று ராத்திரி நீ லேபில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அதனால்தான் பாதியில் போனை வைத்தேன், கோபிக்காதே. படுத்த பிறகும் அதே யோசனைதான். ரியோ செடியின் ஊதா அடி இலையில் அடித்தோலை உரித்து, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும், செல்லுக்குள்ளே நிறைந்திருந்த ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டுகொண்டது என்றாயே, அது நம் மாவடு சங்கதியேதான். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பு போட்டு மூடிவைக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆனால் மூன்றாம் நாள் ஜாடியைக் குலுக்கினால் சளக் சளக்கென்று சத்தம், காயெல்லாம் பாட்டி கன்னம் மாதிரி சுருங்கிக் கிடக்கும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுவர் அப்படியே நிற்கும், உள்ளே இருப்பதுதான் சுருங்கும் என்கிறாய். அப்படியானால் வடுவின் தோலே ஏன் சுருங்குகிறது? அப்புறம், நல்ல தண்ணீர் விட்டதும் இலையில் ஊதா மறுபடி விரிந்தது என்றாய். ஒரு வருஷம் உப்பு கரித்துப்போய் நான் வடுவைத் தண்ணீரில் ஊறப்போட்டேன், உப்புதான் குறைந்தது, காய் பழையபடி திரளவே இல்லை. அதற்குள் செல் செத்துப்போயிருக்குமோ? உன் மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்.

நான் பதினொன்றாம் வகுப்பில் செல் பார்த்த கதையை உன்னிடம் சொன்னதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே மைக்ரோஸ்கோப், பின்னால் நாற்பது பேர் வரிசை. வெங்காயத் தோலை நான்தான் உரித்து, சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயம் விட்டு, கவர் ஸ்லிப்பைத் தொப்பென்று போட்டேன். கறுப்பு விளிம்போடு உருண்டையாக ஒன்று தெரிந்தது. "தெரியுதா?" என்று கேட்டார்கள், "தெரியுது மிஸ்" என்றேன். அது காற்றுக்குமிழி! பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் தெரிந்தது, ஆனால் திரும்ப வரிசையில் நிற்க வெட்கம். புத்தகத்துப் படத்தைப் பார்த்து ரெக்கார்டில் செங்கல் அடுக்கின மாதிரி வரைந்தேன், பத்துக்குப் பத்து. இத்தனை வருஷத்தில் நிஜச் செல்லை நான் பார்க்கவே இல்லை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து செல் என்று பேர் வைத்தார் என்று மனப்பாடம் செய்து எழுதினோம், அவர் பார்த்தது உயிர் போன வெறும் சுவர்தான் என்பதை நேற்று நீ சொல்லித்தான் கேட்கிறேன்.

சரி, சனிக்கிழமை மாமா திருச்சி வருகிறார், ஒரு பாட்டில் வடு கொடுத்தனுப்புகிறேன். ரூமில் எல்லோருக்கும் கொடு, ஒன்றை மட்டும் எடுத்துவைத்து, தோலை மெல்லிசாகச் சீவி, லேபில் விட்டால் வைத்துப் பார். தெரிகிறதைப் போனில் படம் எடுத்து அனுப்பு, குமிழியாக இருந்தாலும் பரவாயில்லை.

பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே.

அம்மா