சாட்சிக் கடிதம் எழுத ஏன் இத்தனை தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறப்புப் பதிவில் பாலினத்தை மாற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரைக்கு மறுமொழி எழுதிய வாசகர் ஒருவர், "பிரான்ஸ் போன்ற நாடுகளில் அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் சான்று கொடுத்தால்தான் நீதிமன்றம் ஏற்கும்; அதுதான் முறை" என்று அடித்துச் சொல்லியிருந்தார். பிரான்சின் சட்டம் அப்படியே செல்லுபடியாகும் ரியூனியன் தீவிலிருந்து இதை எழுதுகிறேன். அவர் சொல்லும் முறை ஒழிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. புதிய முறை வந்த பிறகு, சாட்சிக் கடிதம் எழுதித் தரக் கேட்டால் இங்குள்ள நம்மவர்கள் நடந்துகொள்ளும் விதம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

நான் புதுச்சேரிக்காரி. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள், சேன்-ஆந்த்ரே ஊரில் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். என் தம்பி குடும்பம் பின்னால் வந்து சேர்ந்தது. தம்பிக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்து, எத்தா சிவில் என்கிற பிரெஞ்சுப் பிறப்பு-இறப்புப் பதிவில் ஆண் என்று எழுதப்பட்டவள், இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சேலை கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது என்பதால் கால்சட்டைதான். ஆனால் நெற்றியில் பொட்டு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டாள். பிள்ளைகள் அவளை அக்கா என்றும், தீவின் கலப்பினத்தவரான கிரியோல் வீட்டுப் பிள்ளைகள் 'தாந்தி' (அத்தை) என்றும் கூப்பிடுகிறார்கள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1992 மார்ச் 25 அன்று பாலினப் பதிவை மாற்ற மறுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான், அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, நாட்டின் மேல்முறையீட்டு உச்சமான காசாசியோன் நீதிமன்றம் பதிவை மாற்றலாம் என்று வழிவிட்டது. ஆனால் சிகிச்சை, உடல் மாற்றம், நிபுணர் பரிசோதனை என்று நிபந்தனைகளை அடுக்கியது. பலருக்கு அது பிள்ளை பெறும் ஆற்றலையே இழக்கும் நிபந்தனையாக முடிந்தது. நம் வாசகர் நினைவில் வைத்திருப்பது இந்தக் காலத்தைத்தான். 2016 நவம்பர் 18 தேதியிட்ட சட்டம் இதையெல்லாம் துடைத்துப்போட்டது. சிகிச்சை செய்யவில்லை, அறுவை செய்யவில்லை, கருத்தடை செய்யவில்லை என்பதைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளக் கூடாது என்று குடியியல் சட்டத் தொகுப்பின் 61-6ஆம் பிரிவில் எழுதியே வைத்துவிட்டார்கள். 2017 ஏப்ரல் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மீண்டும் பழைய நிபந்தனையைக் கண்டித்தபோது, பிரான்சில் சட்டம் முன்னமே மாறியிருந்தது.

அப்படியானால் இப்போது எதைக் காட்ட வேண்டும்? 61-5ஆம் பிரிவு கேட்பது மருத்துவத்தை அல்ல, வாழ்க்கையை. அவர் பெண்ணாக வெளியில் நடமாடுகிறாரா, குடும்பத்தாரும் நண்பர்களும் வேலை செய்யும் இடத்தாரும் அவரைப் பெண்ணாக அறிவார்களா, அதற்கேற்பப் பெயரை மாற்றியிருக்கிறாரா என்பவை முக்கியமான உண்மைகள். எந்த வகையிலும் நிரூபிக்கலாம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பெற்றோர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.  வக்கீல் வைத்தாக வேண்டும் என்பது இல்லை. நீதிபதி கதவை மூடிக்கொண்டு விசாரிப்பார், அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்பார்.

பெயர் மாற்றம் இதைவிட எளிது. அதுவும் 2016 சட்டத்தால் நீதிமன்றத்தை விட்டு மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, வந்துவிட்டது. குடியிருக்கும் ஊரின் மேரியில் காரணத்தை எழுதிக் கொடுத்தால், அதில் நியாயம் இருக்கிறதா என்று பதிவாளர் பார்ப்பார். சந்தேகம் வந்தால் மட்டும் அரசு வழக்கறிஞருக்கு அனுப்புவார். என் தம்பி மகளுக்கு அது சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் எல்லாம் பாலினப் பதிவுக்கு மனு தயார் செய்தபோதுதான். சிக்கலைக் கொண்டுவந்தவர்கள் அதிகாரிகள் அல்ல.

'உற்றார் அவரைப் பெண்ணாக அறிவார்கள்' என்பதை உற்றார்தானே சொல்ல வேண்டும்? அதற்குத்தான் சாட்சிக் கடிதம். 11527 எண்ணுள்ள அரசுப் படிவம் ஒன்று இருக்கிறது. எழுதுபவர் தன் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொழில், மனுதாரருக்கு என்ன உறவு என்பதை எழுதி, தான் நேரில் கண்டதைத் தன் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலை இணைக்க வேண்டும். பொய்ச் சாட்சி எழுதினால் ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் என்பதும் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

அந்த வரியைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு வந்த பயத்தைச் சொல்லி மாளாது. "அக்கா, நாளைக்கு ஏதாவது ஆனால் என்னையல்லவா பிடிப்பார்கள்?" என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர். பொய் எழுதினால்தான் பிடிப்பார்கள், இவள் உன் பெண்ணின் கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நின்றது பொய்யா என்று கேட்டேன். பொய்யில்லை என்றார். படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிரெஞ்சு எழுத வராது என்று சொன்னவர்களும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு வீட்டில் கிரியோல் மொழி, பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. வங்கிக் கடனுக்கு எழுத வருகிற பிரெஞ்சு, இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மறந்துபோகிறது.

கோயில் நிர்வாகி ஒருவரின் பதில் இன்னும் நேர்த்தி. எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. "எனக்கு எல்லாம் தெரியும் அம்மா, மனத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கமிட்டியில் இருப்பவன் பெயர் நீதிமன்றக் காகிதத்தில் வரக் கூடாது" என்றார். தீமிதிக்கு முன்னால் பதினெட்டு நாள் பாரதம் நடத்துகிற கோயில் அது. விராட பர்வத்தில் அர்ச்சுனன் பிருகன்னளையாக ஓராண்டு இருந்த கதையை அவரே மனமுருகப் பாடுவார். மகாராஜா விராடன் அரண்மனையில் சாட்சிக் கடிதம் கேட்கவில்லை, அர்ச்சுனன் தப்பித்தான்.

பிறகு யார்தான் எழுதினார்கள் என்று கேட்பீர்கள். துணிக்கடை வைத்திருக்கும் குஜராத்தி முஸ்லிம் பெரியவர் எழுதினார். அவள் எந்த ஆண்டிலிருந்து தன் கடையில் சுடிதார் எடுக்கிறாள் என்பதையும், ரசீதில் எந்தப் பெயரைப் போடுகிறார் என்பதையும். பேருந்து நிறுவனத்தில் உடன் வேலை செய்யும் கிரியோல் பெண் எழுதினாள். எல்லாவற்றையும் விட, பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் தாய் எழுதிய கடிதத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: "என் மகளை ஒவ்வொரு நாளும் காலையில் இந்தப் பெண்மணியிடம் ஒப்படைக்கிறேன். மகளுக்கு முதல் மாதவிலக்கு வந்தது பேருந்தில். ஓட்டுநர் அம்மாதான் தன் சால்வையை இடுப்பில் கட்டிவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவரை வேறு விதமாக நாங்கள் அறிந்ததில்லை." நீதிபதிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடிதம் எழுத முன்வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'நல்ல பெண், ஒழுக்கமானவள்' என்று நற்சான்று எழுதிப் பயனில்லை. எப்போதிலிருந்து தெரியும், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், எங்கே எப்படிப் பார்த்தீர்கள் என்று நடந்ததை எழுதுங்கள். நாங்கள் ஆலோசனை கேட்ட ஒருவர், எதற்கும் ஒரு மருத்துவச் சான்றையும் சேர்த்துவிடுங்கள் என்றார். என் தம்பி மகள் மறுத்துவிட்டாள். சட்டம் கேட்காததை நாமாகக் கொண்டுபோய் வைத்தால், அடுத்து வருகிறவளிடமும் அதைக் கேட்பார்கள் என்றாள். அவள் சொன்னது சரி.

எங்கள் புதுச்சேரி வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர் எவரும் தம் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்றார்கள். அதிகாரி முன்னால் போய், துறந்தேன் என்று அறிவித்து, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து சொன்னால் போதும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனது அப்படித்தான். கணவன் அறிவித்தால் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே செல்லும். திரும்பப் பெறவும் முடியாது. ஒரு மனிதனின் சட்ட நிலையையே தலைகீழாக மாற்றும் காரியத்துக்கு அன்று அவன் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. என் தம்பி மகள் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் துணிக்கடைக்காரர் முதல் பள்ளிப் பிள்ளையின் தாய் வரை சாட்சிக்கு வர வேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தில் 2018 முதலும், ஜெர்மனியில் 2024 நவம்பர் முதலும் பதிவாளரிடம் நேரடியாக அறிவித்தே மாற்றிக்கொள்ள முடிகிறது. பிரான்சும் பெயரை மேரிக்குக் கொண்டுவந்தது போலப் பாலினத்தையும் கொண்டுவரலாம். கொண்டுவரும் வரை நம் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

தீர்ப்பு சாதகமாக வந்தது. இறுதியானதும் பதினைந்து நாளுக்குள் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். பழைய பதிவைக் கிழித்து எறிவதில்லை; ஓரத்தில் எழுதுவதோடு சரி. அதனால் முழு நகல் எடுத்தால் பழைய பெயரும் கண்ணில் படும், சுருக்க நகலில் புதியது மட்டும் இருக்கும். அவள் பிறந்ததைப் பதிந்தது புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் என்பதால், ஓரக் குறிப்பு நாந்த் நகரத்தின் மையப் பதிவகத்தில் எழுதப்பட்டது. அதற்கப்புறம் சமூகப் பாதுகாப்பு எண். பிரான்சில் அந்த எண் ஆணுக்கு 1 என்றும் பெண்ணுக்கு 2 என்றும் தொடங்கும். அடுத்து பிறந்த ஆண்டு, மாதம், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு 99. மருந்துக்கடையில் அட்டையை நீட்டும்போதெல்லாம் முதல் இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது 2 வந்துவிட்டது. வங்கி ஒன்று மட்டும் தீர்ப்பு நகலைப் பெற்றுக்கொண்ட பின்னும் 'ஐயா' என்று விளித்தே கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி அனுப்புகிறாள். தபால் செலவு என்னுடையது.

கடன்காரனை ஏமாற்றத்தான் இப்படி மாறுகிறார்கள் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பேசினாராம். 61-8ஆம் பிரிவை அவருக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். பாலினப் பதிவு மாறினாலும் முன்பு வாங்கிய கடன் கடன்தான், முன்பு பிறந்த பிள்ளை பிள்ளைதான். என் தம்பி மகள் வீட்டுக் கடன் தவணையை மாதம் தவறாமல் கட்டுகிறாள். அந்தப் பெரிய மனிதர் சங்கத்துக்குத் தர வேண்டிய சந்தாவைப் பற்றி நான் எழுதவில்லை.

தீவின் தெற்கே சேன்-பியேர் பக்கத்தில் இன்னொரு பெண் இப்போது மனு தயார் செய்துகொண்டிருக்கிறாள். மேலே சொன்ன நிர்வாகியின் கோயிலில்தான் அவள் வெள்ளிதோறும் தேவாரம் பாடுகிறாள். அவரே ஒலிபெருக்கியில் அவளை அம்மையார் என்று அழைத்து மேடையேற்றுகிறார். அவருக்கு 11527 எண் படிவம் ஒன்றும், நல்ல பேனா ஒன்றும் அனுப்பிவைத்திருக்கிறேன். இதழில் இக்கடிதம் வந்தால் ஒரு பிரதியும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
சேன்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு புதுச்சேரி வாசகி,
ரியூனியன் தீவு