கடைசி பஸ்ஸை எனக்காக நிறுத்தி வச்ச தம்பிக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் நல்லா இருக்கேன். முட்டியில சிராய்ப்பு, செருப்பு ஒண்ணு காணோம், அவ்வளவுதான். ஏற்காட்டுல நான் காணாமப்போன அன்னிக்கு சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு திரும்ப சொல்லப்போறதில்ல, உங்கள்ல பாதிப்பேரு ஏரிக்கரையில டார்ச் அடிச்சு தேடுனவங்க, மீதிப்பேரு போனை கையில வச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருந்தவங்க. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் பண்றா, நடுவுல அவளா எதையாவது சேத்தா நான் பொறுப்பில்ல.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். பகல்ல பேப்பர் படிக்கிறாரு, ராத்திரியானா மட்டும் சுவத்தை தடவுறாரு, நடிக்கிறாருன்னு நம்ம வீட்டுலயே பேச்சு இருந்துச்சு. நடிப்பு இல்லைங்க. வயசானா விழித்திரைக்கு நடுவுல, மாக்குலாங்கற இடத்துல வர்ற தேய்மானம்னு சொன்னாங்க. மங்கலான வெளிச்சத்துல பாக்கறதுக்குன்னே கண்ணுக்குள்ள தனியா செல்லுங்க இருக்காம், நடு இடத்தை சுத்தி அதுங்கதான் முதல்ல அடி வாங்குமாம், அதனால எழுத்து தெரியற ஆளுக்கே இருட்டுல படி தெரியாது. நல்ல கண்ணுக்கே இருட்டு முழுசா பழக அரை மணி நேரம் ஆகும், எனக்கு அதுக்கும் மேல. மாலைக்கண்ணு, கேரட்டு சாப்பிடுங்கன்னு கிலோ கணக்கா வாங்கிட்டு வந்தவங்களுக்கும் நன்றி, ஆனா அது வேற, சத்துக் குறைவுல வர்றது.

இப்ப அந்த தம்பி கதைக்கு வர்றேன்.

பனி இறங்கிடுச்சு, போன் செத்துப்போச்சு, மலையை விட்டு கீழ இறங்குற ரோட்டோரமா நின்னுட்டிருக்கேன். கடைசி பஸ்ஸு வந்துச்சு. சத்தத்தை வச்சே பஸ்ஸுன்னு தெரிஞ்சு கையைக் காட்டிட்டேன், ஆனா ஹெட்லைட்டு நேரா மூஞ்சியில அடிச்சதும் அதுவரைக்கும் தெரிஞ்ச கொஞ்சநஞ்சமும் போயிடுச்சு, பஸ்ஸு பக்கத்துல வந்து நின்ன பின்னாடி எனக்கு முன்னால ஒரு கறுப்பு சுவரு, அவ்வளவுதான், கதவு எங்க படி எங்கன்னு ஒண்ணும் புரியல. கையை நீட்டி தடவுனேன். உள்ள இருந்து ஒரு ஆளு "யோவ் பெருசு, ஏறுய்யா"ன்னு கத்துனான்.

அந்த வார்த்தை புதுசு இல்லைங்க எனக்கு. 29 வருசம் நான் கண்டக்டரு. அதுல 11 வருசம் இதே ஏற்காடு ரூட்டு. அதே வார்த்தையை நான் எத்தனை பேரை சொல்லியிருப்பேன். ஒரு பாட்டி, எஸ்டேட் வேலைக்கு போறது, கூடையோட படிக்கிட்ட நின்னு காலால துழாவிட்டே இருந்துச்சு, "என்ன ஆயா, தூங்கிட்டே வந்தியா"ன்னு கேட்டேன், பஸ்ஸு பூரா சிரிச்சுது, அதுவும் சேந்து சிரிச்சுது. நேரம் விடியக்காலம், இன்னும் வெளுக்கல. அதுக்கு என்ன கண்ணோ.

இந்த பஸ்ஸு கண்டக்டரு தம்பி கத்தல. கீழ இறங்கி வந்தான். கையைப் புடிச்சு இழுக்கவும் இல்ல, எல்லாரும் அதைத்தான் செய்வாங்க, இழுத்தா இன்னும் தடுமாறும். டிரைவரை லைட்டை டிம் பண்ணச் சொல்லிட்டு, உள்ளார லைட்டு எல்லாத்தையும் போடச் சொன்னான். அப்புறம் எம்பக்கத்துல வந்து, "அவசரமில்லைங்கய்யா, கண்ணு கொஞ்சம் பழகட்டும், நில்லுங்க"ன்னான். நின்னோம். ரெண்டு மூணு நிமிசம் இருக்கும். கடைசி டிரிப்புல ரெண்டு நிமிசம்னா என்னன்னு வேலை பாத்தவனுக்குத்தான் தெரியும். உள்ள முணுமுணுப்பு, அவன் காதுலயே வாங்கல. அப்புறம் ஒரு காசை எடுத்து படி ஓரத்துல டக் டக்குன்னு தட்டுனான், "இது முதல் படி". இன்னொரு டக் டக், "இது ரெண்டாவது". சத்தத்தைப் புடிச்சே ஏறிட்டேன். உனக்கு எப்படிப்பா தெரியும்னு கேட்டதுக்கு, "எங்க அம்மாயிக்கும் இப்படித்தானுங்க"ன்னு சொல்லிட்டு டிக்கெட் போட போயிட்டான். அவன் போன்ல இருந்துதான் வீட்டுக்கு பேசினது.

ஏறி உக்காந்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு, அதை மறைக்க நான் கண்டக்டரா இருந்த பெருமையை எடுத்து விட்டேன். கண்ணை மூடிட்டு, மொத்தம் 20 கொண்டை ஊசி, உடம்பு சாயுறதை வச்சே ஒவ்வொண்ணையும் சொல்றேன் பாருன்னேன். அவனும் போர்டைப் பாத்துப் பாத்து "சரிங்கய்யா, சரிங்கய்யா"ன்னுட்டே வந்தான். பதினாலுல மட்டும் தப்புன்னான்.

அடிவாரத்துல காத்திருந்த மச்சானுங்க, ஒண்டிக்கடை பக்கத்து கடைக்காரங்க, ஸ்டேஷன்ல இருந்தவங்க, போட்டோவை அனுப்பிட்டே இருந்த பழைய டிப்போ நண்பருங்க, அஸ்தம்பட்டி ஆட்டோ தம்பிங்க, எங்க வீட்டம்மாவை சாப்பிட வச்ச எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் ஒரே கும்பிடு. தனித்தனியா வந்து சொல்றேன், பகல்ல.

எங்க வீட்டுப் படிங்க விளிம்புல மஞ்சள் டேப்பு ஒட்டியாச்சு. சட்டைப் பையில டார்ச்சு. பிரிட்ஜ் மேல கட்டம் போட்ட காகிதம் ஒண்ணு, தெனமும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பாக்கணும், கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி, ஏன்னா எனக்கு இருக்கறது உலர்ந்த வகை, அது ரத்தக்குழாய் கசியற வகையா மாறினா ஊசி போட நாள் தள்ளக்கூடாதாம். பீடியை விட்டுட்டேன், பேத்தி மேல சத்தியம். (தாத்தா பொய் சொல்றாரு, நேத்து ஒண்ணு.) பாத்தீங்களா, சேத்துட்டா. சரி, இன்னியில இருந்து.

அந்த தம்பி பேரை கேக்காம விட்டுட்டேன். மூஞ்சியும் சரியா தெரியல, குரல் மட்டும் ஞாபகம், கொஞ்சம் சளி புடிச்ச குரல். ஏற்காடு கடைசி பஸ்ஸுல போறவங்க யாராவது பாத்தா சொல்லுங்க, அடுத்த வாரம் பகல் பஸ்ஸுல செவ்வாப்பேட்டை தட்டுவடை ஒரு பொட்டலம் எடுத்துட்டு பெருசு வர்றாருன்னு. பதினாலாவது வளைவுல நான் சொன்னதுதான் சரி, அவன் பனியில போர்டை விட்டிருப்பான், அதையும் சொல்லிடுங்க.