உருண்டைக் கணக்கு

அன்புள்ள உமையா,

ஆவணியில் வந்த கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? கணக்குப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் வந்துவிடு. போன முறை மாதிரி பந்தி முடிந்தபிறகு வந்து பணியாரம் கேட்காதே.

உங்கள் அறக்கட்டளையின் திட்டத்தாளைப் படித்தேன். 24 அங்கன்வாடிகள், எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கேப்பை, பாசிப்பயறு, நிலக்கடலை, கருப்பட்டி சேர்த்த உருண்டை, ஆறு மாதம். அருமையான வேலை. ஆனால் கடைசிப் பக்கத்தில், "தொடக்க எடைக்கும் முடிவு எடைக்கும் உள்ள வித்தியாசமே வெற்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் ஆறு மாதத்தில் பிள்ளைக்கு எடை ஏறும். வளர்கிற வயசு. அதனால் கிலோவைப் பார்க்காமல், அந்த வயசுக்கு அது எங்கே நிற்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோலோடு பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. எடை போட்ட வாரம் வயிற்றுப்போக்கில் இளைத்திருந்த பிள்ளைகளும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அடுத்த மாதம் அவர்கள் தானாகவே தேறுவார்கள், உருண்டை பேர் வாங்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை எடை போடுங்கள். முதல் எடையை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் எடையைத் தொடக்கக் கணக்காக வையுங்கள். அப்போதும் முழுதாகத் தீராது. உருண்டை கிடைக்காத பிள்ளைகள் அதே காலத்தில் என்ன ஆனார்கள் என்று தெரிந்தால்தான் தீரும்.

"பாதிப் பிள்ளைகளைக் காக்கவைப்பது பாவம்" என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எப்படியும் முதல் அரையாண்டுக்கு 12 மையத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். எந்த 12 என்பதை எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மற்ற 12க்கு ஆறு மாதம் கழித்து. இல்லாவிட்டால் தார்ச்சாலை ஓரத்து ஊருக்கும் பங்காளி ஊருக்கும்தான் முதலில் போகும், அந்த ஊர்கள் ஏற்கெனவே கொஞ்சம் வசதியானவை. குலுக்குவது மையங்களை, பிள்ளைகளை அல்ல. ஒரே திண்ணையில் ஒரு பிள்ளை தின்ன, இன்னொன்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருப்பே கூடாது. உயரத்துக்கேற்ற எடையில் மைனஸ் 3 எஸ்.டி.க்குக் கீழே (அந்த அளவுகோலின் நடு அளவுக்கு மூன்று திட்டவிலக்கம் கீழே) உள்ளவர்கள், மேல்கையின் நடுச்சுற்று 11.5 செ.மீ.க்குக் குறைந்தவர்கள், இரண்டு பாதமும் வீங்கியவர்கள், இவர்களை எந்தக் குழுவில் இருந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வீங்கிய பிள்ளைக்கு உடம்பில் தேங்கிய நீரால் எடை போதுமானதாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

அளப்பதில்தான் பாதித் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. தராசை ஒவ்வொரு காலையிலும் எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சோதிக்கணும். கொலுசு, காப்பு, கனமான உடுப்பு எல்லாம் கழற்றணும். இரண்டு வயசுக்கு உட்பட்டவர்களைப் படுக்கவைத்தும் மேற்பட்டவர்களை நிற்கவைத்தும் உயரம் எடுக்கணும். இரண்டுக்கும் சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும், கலந்தால் கணக்கு பாழ். படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும், தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். வயசைப் பிறப்புச் சான்றிதழிலிருந்து எடுங்கள். "போன பொங்கலுக்கு முந்தி பிறந்தான்" என்பதை நம்பினால் வளர்ச்சிக் கோட்டில் பிள்ளையின் இடமே மாறிவிடும். அங்கன்வாடி டீச்சரை அளக்கச் சொல்லாதீர்கள். பாவம், அவர் வேலையையே எடை போடுவது போல ஆகிவிடும். எந்த மையத்தில் உருண்டை கொடுக்கிறார்கள் என்று தெரியாத ஆள் அளந்தால் இன்னும் நல்லது.

பதிவேட்டில் "கொடுத்தது" இருக்கும், "தின்றது" இருக்காது. உருண்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அண்ணன் தங்கைக்குப் பங்கு போகும். மையத்திலேயே தின்றால், "அங்கே சாப்பிட்டுட்டான்ல" என்று வீட்டில் சோறு குறையும். அதனால் சில வீடுகளுக்குச் சொல்லாமல் போய், நேற்று காலை முதல் ராத்திரி வரை பிள்ளை என்ன தின்றது என்று கேளுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன குடும்பம், திருப்பூருக்கு வேலைக்குப் போன குடும்பம், இவர்கள் பெயரை அடிக்காதீர்கள். நலிந்தவர்கள் விலகினால் மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாக ஏறும்.

கொட்டாம்பட்டி நமக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில்தானே இருக்கிறது? உலக வங்கிக் கடனில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் அந்த ஒன்றியத்தில்தான் தொடங்கியது. 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை சரியாக ஏறாதவர்களுக்கும் மிகவும் நலிந்தவர்களுக்கும் மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஜூலை 1 அன்று, கிராமத்தில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கெல்லாம் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. இரண்டும் நல்ல திட்டம். ஆனால் இரண்டு வயசு தாண்டிய பிள்ளை தேறியதற்கு எது காரணம் என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. உங்கள் ஆறு மாதத்திலும் புதிதாக ஏதாவது வரும். வந்த தேதியையும் மையத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். குலுக்கிய இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுபோல வந்தால் பயமில்லை.

எதை வெற்றி என்போம் என்பதை முதல் எடைக்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் குட்டை பிள்ளை நெட்டையாகாது, உயரத்தை அதில் சேர்க்காதீர்கள். உருண்டை பலிக்கவில்லை என்று வந்தால் அதையும் அச்சடிக்க வேண்டும், உமையா. அதைக் கேட்டு இன்னொரு ஊர் அந்தப் பணத்தைக் கழிப்பறைக்கோ குடிதண்ணீருக்கோ திருப்பலாம்.

இன்னொன்று பாக்கி. ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒரே தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரே காய்ச்சலில் படுக்கிறார்கள். அதனால் 12 மையத்தில் 120 பேர் என்பது 120 தனித்தனிச் சாட்சி ஆகாது. மையம் வாரியாக எத்தனை பிள்ளைகள், அதில் எடை குறைந்தவர் எத்தனை பேர் என்ற பட்டியலை இந்த வாரமே அனுப்பு. 24 போதுமா என்று போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சீட்டுக் குலுக்கவேண்டாம்.

அன்புடன்,
உன் வள்ளி
தேவகோட்டை