பழைய பர்ஸ்

தம்பிக்கு,

அம்மா நலம். தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. உனக்குச் சம்பளம் ஏறியதை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும்தான், கொஞ்சம் அடக்கமாக.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி போனில் "சரிப்பா" என்பதையே ஏழு தடவை சொன்னாய். ஏழாவது சரிப்பாவில் நாக்கு குழறியது. தூக்கக் கலக்கம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். சித்தப்பாவோடு அத்தனை வருஷம் இருந்த எனக்கு எது தூக்கம், எது மற்றது என்று தெரியாதா? அப்புறம் பத்து நாளாக நீ போனே எடுக்கவில்லை.

நீ விட்டுப்போன பழைய பர்ஸ் அலமாரியில் கிடைத்தது. உள்ளே அந்த ஆணுறைப் பாக்கெட். தோலில் வட்டமாக அச்சு விழுகிற அளவுக்கு அழுந்திக் கிடந்திருக்கிறது. நான் கோபப்படவில்லை. (முதல் அரை மணி நேரம் பட்டேன்.) ஏதோ வைத்திருக்கிறாயே என்று நிம்மதிதான். ஆனால் தேதி முடிந்து ஒரு வருஷமாகிறது. உடம்புச் சூட்டிலும் உரசலிலும் ரப்பர் நைந்துவிடும், பர்ஸில் வைக்காதே. எண்ணெய், வாசலின் எதுவும் படக் கூடாது, கிழிந்துவிடும். போதையில் தேதியெல்லாம் யார் பார்ப்பது? எதிரில் இருப்பவள் சம்மதித்தாளா என்பதே புரியாது. அவளும் நிதானத்தில் இல்லையென்றால் அவள் சொல்கிற சரி, சரியே இல்லை. தூக்க மாத்திரையையும் குடியையும் ஒருபோதும் சேர்க்காதே, மூச்சே அடங்கிப்போகும். கூட இருப்பவன் மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவை, ஆஸ்பத்திரிக்குச் சொல், தனியாக விட்டுப் போகாதே. குடிக்காதே என்று மட்டும்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கேயோ போகிறேன்.

குடிக்காதே தம்பி.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், வேலையாக வெளியூர் போன இடத்தில் ஒரு ராத்திரி நான் குடித்தேன். காலையில் பாதி நினைவில்லை. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்தது மட்டும் நினைவிருந்தது. டெஸ்ட் எடுக்கப் பயந்தேன். எடுக்காமலே கல்யாணமும் செய்துகொண்டேன். நீ வயிற்றில் இருந்தபோது எல்லாருக்கும் எடுப்பது என்று சொல்லி அம்மாவுக்கு எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்தார்கள். அவள் பாட்டுக்குப் பஞ்சை முழங்கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு உனக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக்கொள்ள வேண்டிய டெஸ்ட் அது. ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது அப்படி ஏதாவது ஆனால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மருந்து தொடங்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதே. கர்ப்பம் தடுக்கிற மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சில நோய்கள் ஒரு அறிகுறியும் காட்டாது, அதனால் டெஸ்ட் எடுத்துக்கொள். டாக்டரிடம் வெட்கப்படாதே.

பர்ஸிலிருந்த பழையதை எறிந்துவிட்டேன். போனை எடு. நான் கூப்பிட்டாலும் எடு, இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன்.

அப்பா