சாய்வுதான் சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

‘செவ்வாயில் கடல் கண்டுபிடிப்பு’ என்ற செய்தியைப் படித்தேன். தலைப்பைப் பார்த்த என் பேரன் அங்கே இப்போதும் அலை அடிக்கிறது என்றே நினைத்துவிட்டான்! கண்டுபிடித்தது கடலை அல்ல, கடல் விட்டுச்சென்றதாகக் கருதப்படும் கரையை. 2021-இல் செவ்வாயின் உட்டோபியா சமவெளியில் இறங்கிய சீனாவின் சூராங் ஊர்தி, ரேடார் அலைகளைத் தரைக்குள் செலுத்தியது. சுமார் 10 முதல் 35 மீட்டர் ஆழத்தில், வடக்குத் தாழ்நிலத்தை நோக்கி ஒரே சீராகச் சரிந்த அடுக்குகள் தெரிந்தன. காற்று குவித்த மேடா, எரிமலைக் குழம்பா, ஆற்றுப் படிவா என்றெல்லாம் அலசிவிட்டுத்தான் 2025-இல் ஆய்வாளர்கள் கடற்கரைப் படிவு என்ற முடிவுக்கு வந்தார்கள். செய்தியின் உயிரே அந்தச் சாய்வுதான். உங்கள் நிருபரோ அதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

2024 ஜனவரியில் பெலால் புயல் கடந்த பிறகு இங்கே மொரிசியஸில் உள்ள பிளிக் அன் பிளாக் கடற்கரைக்குப் போயிருந்தேன். சவுக்கு மரங்களின் வேர்களுக்குக் கீழே மணல் அரிபட்டு, கத்தியால் வெட்டியதுபோல நின்றது. அந்த வெட்டுமுகத்தில் வரி வரியாக அடுக்குகள், எல்லாம் கடலை நோக்கிச் சரிந்திருந்தன. அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் அப்படித்தான் படியும். சரி, செவ்வாய்க்கு நாம் போக முடியாது; நம் கரைக்குப் போகலாமே. ரேடார் படத்தையும் நம் கடற்கரை வெட்டுமுகப் படம் ஒன்றையும் சிறுவர் பகுதியில் அருகருகே வெளியிடுங்கள். அப்புறம் தலைப்பில் ‘பழங்கால’ என்ற ஒரு சொல்லுக்கும் இடம் கொடுங்கள்.

– ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரிசியஸ்