துருவுக்கும் ஒரு காரணம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ வண்டிகளின் சிறு மாதிரிகளைச் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்களைப் போன்ற ஆட்களுக்கு நாளிதழில் இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி ஆபத்தானது. இன்னொரு வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘தூசி படியாமல் இருக்க அறையை மூடிக்கொண்டு பெயிண்ட் அடிக்கவும், சாதாரணத் துணி முகமூடி போதும்’ என்று எழுதியிருந்தார்கள். போதாது. காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடிக்கும் லாக்கர் பெயிண்டிலும் அதன் தின்னரிலும் இருந்து வரும் ஆவியைத் துணி தடுக்காது. தூசியைத் தடுக்கும் முகமூடியும் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். அக்ரிலிக் வாசனை குறைவு என்பதால் அதை நெஞ்சுக்குள் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. துளி துளியாகக் காற்றில் மிதக்கும் எதுவும் நுரையீரலுக்குப் போகிற சரக்குதான். ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொடியும் உள்ளே போகும். தூசி ஒட்டுகிறது என்ற கவலை இருந்தால், பெயிண்ட் அடித்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். ஜன்னலை மூட வேண்டாம்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். ‘கடைசியில் கறுப்பு வாஷை வண்டி முழுக்க ஊற்றி, துரு நிறத்தை அங்கங்கே தொட்டுவிட்டால் பழசான தோற்றம் வந்துவிடும். தனிமையில் செய்ய ஏற்ற பொழுதுபோக்கு’ என்று முடித்திருந்தார்கள். வாஷ் என்றால் நீர்க்கக் கரைத்த பெயிண்ட். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ஏற்க மாட்டேன். பணியில் இருந்த காலம் முழுக்க மண்வாரி இயந்திரங்களையும் புல்டோசர்களையும் பழுதுபார்த்தவன் நான். எந்த இடத்தில் எண்ணெய் கசியும், எங்கே சேறு அப்பும், எங்கே ஆட்களின் காலணி பட்டு பெயிண்ட் போகும் என்பது என் கைக்கே தெரியும். அழுக்கு எந்த வண்டியிலும் ‘அங்கங்கே’ வருவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

வெயிலும் மழையும் மண்ணும் எண்ணெயும் பட்ட தோற்றத்தைக் கொண்டுவரும் வேலையை எங்கள் ஆட்கள் வெதரிங் என்பார்கள். ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். வெதரிங்குக்கு வண்டி எப்படி ஓடியது என்று யோசிக்க வேண்டும், அந்த யோசனை தனியாக உட்கார்ந்திருந்தால் பாதிதான் வரும். நாங்கள் கூடி மாடல் செய்யும் மேசையில் ஒரு பல் மருத்துவர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு கல்லூரி மாணவி, நான் என நிரந்தரமாக நாலு பேர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். மருத்துவர் பல் சுரண்டும் பழைய கருவிகளைக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டார். தகடுகள் சேரும் இடத்துப் பேனல் கோடுகளைத் தோண்ட அதைவிடச் சிறந்தது எதையும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் அந்த மாணவி ஒரு எம்113 கொண்டுவந்தார். 1960இல் சேவைக்கு வந்த அமெரிக்கத் துருப்பு வண்டி, பெட்டி மாதிரி இருக்கும். பக்கவாட்டுத் தகடுகளில் துரு ஒழுகுவதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார். மேலே அடர்த்தி, கீழே போகப் போக மங்கல், ஓரம் லேசாகப் பிசிறு. ஆயில் பெயிண்டைப் புள்ளியாக வைத்து, ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பான் தொட்ட தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்து இழுத்துச் செய்த வேலை. எல்லோரும் பாராட்டினோம். அப்புறம் டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “இது என்ன உலோகம்மா?” அந்த வண்டியின் உடல் அலுமினியக் கலவை. அலுமினியம் செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது. “அப்போ எல்லாத்தையும் அழிக்கணுமா அங்கிள்?” என்று மாணவி என்னைப் பார்த்தார். தேவையில்லை என்றேன். இழுவைக் கொக்கி, சங்கிலிப் பட்டை, சில போல்ட்டுகள் எல்லாம் எஃகுதான். அவற்றிலிருந்து ஒழுகும் துரு இருக்கலாம். மற்ற கோடுகளின் மேல் மண் நிறத்தை மெல்லியதாக ஏற்றினால் அது மழையில் வழிந்த தூசி ஆகிவிடும். அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். கோடு அதே கோடு, நிறம் மட்டும் வேறு. இப்போது அந்த வண்டி பொய் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியைத் தனியறையில் யார் கேட்பார்கள்?

எஃகு வண்டிகளிலும் துருவை இஷ்டத்துக்கு அப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. போரில் பல டாங்கிகள் ஆழமாகத் துருப்பிடிக்கும் அளவுக்குப் பிழைத்திருக்கவே இல்லை. புகைக்குழாயில் துரு வரும், ஏனென்றால் சூடு பெயிண்டை எரித்துவிடும். மூடிகளின் விளிம்பில் பெயிண்ட் போய் உலோகம் தெரியும், ஏனென்றால் ஆட்கள் அங்கேதான் கை வைத்து ஏறி இறங்குகிறார்கள். அதை எழுதுகிற பென்சிலை லேசாகத் தேய்த்தே கொண்டுவரலாம். ஓடுகிற வண்டியின் சங்கிலிப் பட்டை தரையில் உரசும் பக்கம் பளபளக்கும், ஆரஞ்சு நிறமாக இருக்காது. எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி வழிந்த கறை இருக்கும், அதில் தூசி ஒட்டி இன்னும் கருத்திருக்கும். எதிலும் கை அளவு முக்கியம். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 3.5 சென்டிமீட்டர். நாம் தூரிகையால் சும்மா ஒரு பொட்டு வைத்தால், நிஜ வண்டியில் அது உள்ளங்கையில் பாதியைப் பிடிக்கும் சிராய்ப்பு. இந்தக் கணக்கை டீச்சர் ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டியிருக்கிறார்.

அந்த 1/35 பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையில் அது ஏதோ ராணுவப் பொறியியல் அளவுகோல் என்று வந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை முடிவு செய்தார்கள், கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பேட்டரி முடிவு செய்த அளவில்தான் இன்றைக்கு உலகமே டாங்கி செய்கிறது.

வாஷை வண்டி முழுக்க ஊற்றுவது பற்றி. ஊற்றினால் வண்டி அழுக்காகாது, மங்கிப்போகும், அவ்வளவுதான். நாங்கள் செய்வது இப்படி: அடி பெயிண்ட் அக்ரிலிக். காய்ந்த பிறகு பளபளப்பு வார்னிஷ். சொரசொரப்பான பரப்பில் டீகால், அதாவது எண்ணும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படம், ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மின்னும், அதனால் டீகாலும் இந்த வழவழப்பின் மேல்தான். அதன் மேல் இன்னொரு வார்னிஷ். பிறகு அடர்பழுப்பு எனாமலை நன்றாக நீர்க்கக் கரைத்து, நுனி கூர்மையான தூரிகையால் ஒரு ரிவெட்டின் ஓரத்தைத் தொட வேண்டும், தொட்டால் போதும். திரவம் தானாக ரிவெட்டைச் சுற்றி ஓடி, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, கோட்டின் முனை வரை போய் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. கொஞ்சம் காய விட்டு, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து ஒற்றியெடுத்த தூரிகையால் மிச்சத்தைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிழல் தங்கும். அக்ரிலிக் மேல் எனாமல் என்ற வரிசை ஏன் என்றால், எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. அடியில் இருப்பதும் மேலே போடுவதும் ஒரே கரைப்பானில் கரைவதாக இருந்தால் துடைக்கும்போது அடி பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைக் கட்டுரையில் சொல்லியிருந்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களின் பல வண்டிகள் தப்பியிருக்கும்.

நிறத்தைப் பற்றிச் சண்டை வராத வாரம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் 1943 பிப்ரவரியில் சாம்பலை விட்டு அடர்மஞ்சளுக்கு மாறினார்கள். மேலே போடும் பச்சையும் செம்பழுப்பும் களிம்பாக வரும். வண்டி ஆட்களே பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்துக்கொண்டார்கள். ஒருவர் கெட்டியாகக் கரைத்திருப்பார், இன்னொருவர் தண்ணியாக. தண்ணீரில் கரைத்தது மழையில் போய்க்கொண்டிருக்கும். அப்படியிருக்க, ‘சரியான பச்சை எது’ என்று மருத்துவர் நிறப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அவர் கோபித்துக்கொள்வார். குளிர்கால வெள்ளைப் பூச்சும் இதே கதைதான். கையில் கிடைத்த தூரிகையால் அவசரமாக அடித்தது, எட்டும் இடம் வரைதான் இருக்கும். அதை மாடலில் கொண்டுவர, அடி நிறத்தின் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் வெள்ளை அக்ரிலிக். பிறகு தண்ணீர் தொட்ட தூரிகையால் உரசினால் ஹேர்ஸ்பிரே கரைந்து வெள்ளை செதில் செதிலாக உரியும். எங்கே உரிய வேண்டும் என்பதில் மறுபடியும் காரணம் வேண்டும். ஆட்கள் மிதிக்கும் இடத்தில் உரியட்டும், யாரும் தொடாத பீரங்கிக் கூட்டின் பின்பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் வாசகர் கடிதம் ஒன்றில், இது போரைப் பொம்மையாக்கிக் கொண்டாடுவது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். ஜெர்மானியரின் டைகர் டாங்கியின் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் அடுக்கியிருக்கும். பார்க்க அழகு, 57 டன் எடையை நன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் உள் வரிசையில் ஒரு சக்கரத்தை மாற்ற வெளியே உள்ள பலவற்றைக் கழற்ற வேண்டும். இடையில் அப்பிய சேறு இரவில் உறைந்தால் வண்டியே நகராது. கிட்டில் அந்தச் சக்கரங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி மாட்டும்போது, அதைப் பனியில் கழற்றியவனின் முதுகுதான் என் நினைவுக்கு வருகிறது. வீரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஸ்பேனர் பிடித்தவனைப் பற்றித் தெரியும்.

சோவியத் டாங்கியான டி-34இல் இதற்கு நேர்மாறான ஒரு புத்தி. அதன் சங்கிலிப் பட்டையின் ஆணிகளுக்கு உள்பக்கம் தலை இருக்கும், மறுமுனையில் பூட்டு கிடையாது. ஓட ஓட ஆணி உள்பக்கமாக நழுவி வரும். அதற்கு உடலின் பின்புறத்தில் சாய்வான ஒரு சிறு தகட்டைப் பற்றவைத்துவிட்டார்கள். பட்டை சுற்றி வரும்போது நழுவிய ஆணியின் தலையை அந்தத் தகடு தட்டி மறுபடி அதன் இடத்துக்கே தள்ளும். வேலையும் மிச்சம், பூட்டும் மிச்சம். கிட்டில் அது அரிசியளவு துண்டு, பலர் பச்சை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓயாமல் ஆணி உரசும் தகட்டில் பச்சை எப்படித் தங்கும்? அங்கே பென்சில் ஈயத்தைத் தேய்த்துப் பளபளக்க வையுங்கள். எங்கள் மேசையில் டி-34 வந்தால் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். மாணவி இப்போது அதை எனக்காகவே முதலில் முடித்துவிடுகிறார்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் முகமூடி, காற்றோட்டம் பற்றிய திருத்தத்தைக் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். கட்டுரையைப் பார்த்துவிட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட் வாங்கித் தந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இடம் இருந்தால் வாஷ் பற்றியும் இரண்டு வரி. இல்லாவிட்டால் பரவாயில்லை, யாரும் அதனால் மூச்சுத் திணறப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கனரக இயந்திர மெக்கானிக்

பின்குறிப்பு: கட்டுரையோடு வந்த படத்தில் ஷெர்மன் டாங்கியின் இடது சங்கிலிப் பட்டை திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ரப்பரில் இருக்கும் அம்புமுனை வடிவம் இரண்டு பக்கமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். செய்தவரைத் திட்ட வேண்டாம். போர்க்காலப் புகைப்படங்களில் நிஜ ஷெர்மன்களிலேயே இப்படி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் மாட்டிய மெக்கானிக்காக இருக்கும்.